முதல் அரைத்தொலைவு டிரையத்லான்: டெல்டாவில் இருந்தபடி தயாராவது எப்படி?

அரசலாறு:
வணக்கம். ஊர் கும்பகோணம் பக்கம். நவம்பர் தொடக்கத்தில் நடக்கும் கோவா 70.3-க்குப் (மூன்று பகுதியும் சேர்ந்த தொலைவு, மைலில்) பதிவு செய்தாச்சு. நீச்சல் 1.9 கி.மீ., சைக்கிள் 90, ஓட்டம் 21.1. கையில் 20 வாரம் இருக்கிறது. எடை 74 கிலோ. குளத்தில் 800 மீட்டர் நிற்காமல் வரும், 100 மீட்டருக்கு 3 நிமிடம். அலுமினிய ரோடு பைக்கில் 60 கி.மீ. வரை போகலாம். தனி அரை மாரத்தான் 2:20.

மூன்று சந்தேகம். மேட்டூர் திறந்தாச்சு, ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். திறந்தவெளி நீச்சலுக்கு ஆறு போதுமா, கடலுக்குப் போகணுமா? மேடே இல்லாத ஊரில் கோவாவின் ஏற்ற இறக்கத்துக்கு எப்படிப் பழகுவது? போட்டியின் நடுவே சாப்பிடும் சர்க்கரைக் கூழான ஜெல் வாங்கியே ஆகணுமா?

கதவணை:
முதலில் கடிகாரத்தைப் பாருங்க. இந்த வகைப் போட்டியில் வழக்கமான கெடு: நீச்சல் 1 மணி 10 நிமிடம், சைக்கிள் இறங்க தொடக்கத்திலிருந்து 5:30, மொத்தம் 8:30. கையேடு வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.

100 மீட்டருக்கு 3 நிமிடம் என்றால் 1.9 கி.மீ.க்கு 57 நிமிடம். ஆனால் கடலில் யாரும் நேர்கோட்டில் நீந்துவதில்லை. மிதவைக்கு மிதவை வளைந்து வளைந்து போய் 2.1 கி.மீ. ஆகிவிட்டால் 63 நிமிடம். அதாவது உங்களுக்கு மிச்சம் 7 நிமிடம்தான். சைக்கிள் 25 கி.மீ. வேகத்தில் 3:36, உடை மாற்றும் இடத்தில் இரண்டு முறைக்கும் சேர்த்து 13 நிமிடம். ஓட்டம் தொடங்கும்போது 4:52 ஆகியிருக்கும். ஓடி முடிக்க 3:38 பாக்கி. உங்கள் 2:20-க்கு அது தாராளம். ஆகவே பயப்பட வேண்டியது 90 கி.மீ.க்கு இல்லை. நீச்சலின் மெல்லிய இடைவெளி ஒன்று, நண்பகல் வெயிலில் ஓட்டம் தொடங்குவது இன்னொன்று. 20 வாரத்தையும் இந்த இரண்டைச் சுற்றிக் கட்டுங்க.

வாரம் 7 மணி நேரத்தில் தொடங்கி 10 வரை போதும். நீச்சல் 3, சைக்கிள் 3, ஓட்டம் 3, ஒரு நாள் முழு ஓய்வு. மூன்று வாரம் ஏற்றி நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கணும். நீண்ட சைக்கிள் 60-லிருந்து வாரம் 5 முதல் 10 கி.மீ. கூட்டி 100 வரை. நீண்ட ஓட்டம் 12-லிருந்து 18 வரை. 21 ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி இரண்டு வாரம் அளவைக் குறைக்கணும், வேகத்தைக் குறைக்கக் கூடாது. தீபாவளிப் பலகாரம் பெரும்பாலும் இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ளுங்க.

தரங்கை:
நீச்சலுக்கு நான் சொல்கிறேன். ஆறு வேண்டாம். 'எங்க ஊரில் சின்னப் பிள்ளையே ஆற்றில் குதிக்கும்' என்று அடுத்த பதிவில் யாராவது எழுதுவீர்கள், தெரியும். குளிப்பது வேறு, தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு 40 நிமிடம் தொடர்ந்து போவது வேறு.

கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கையில் அடுத்த எட்டில் ஆள் முழுகும் ஆழம் வரும். அணைக்கரைப் பக்கம் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகையை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. மதகு, ஷட்டர், படுகை அணை எதுவாக இருந்தாலும் அதற்கு மேல்புறத்திலும் கீழ்புறத்திலும் இறங்கவே கூடாது. மேல்புறம் அடியில் திறந்த ஷட்டர் ஆளை உள்ளே இழுக்கும். கீழ்புறம் விழும் தண்ணீர் சுருண்டு திரும்பி ஆளை அதே இடத்தில் புரட்டும், கை வீச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே வர முடியாது.

வெண்ணாத்தங்கரை:
கொள்ளிடம் சரி. புதாறு (கல்லணைக் கால்வாய்)? தஞ்சாவூருக்குள்ளேயே ஓடுகிறது, நேர் வாய்க்கால், தளம் போட்ட கரை, பள்ளம் கிடையாது. எதிர்நீச்சல் பயிற்சிக்கு இலவச இயந்திரம் மாதிரி இருக்குமே.

தரங்கை:
அண்ணா, தளம் போட்டதுதான் அங்கே பிரச்சினையே. கரை சரிவாக, பாசி பிடித்து வழுக்கும். முழுத் தண்ணீர் விட்டிருக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எதைப் பிடித்து ஏறுவீர்கள்? படித்துறை வரும்வரை தண்ணீர் இழுத்துக்கொண்டே போகும், நடுவில் பாலமும் மதகும் வரும். கோயில் குளமும் வேண்டாம், அது அதற்கான இடமில்லை.

குளம்தான் அடிப்படை. தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கம் மாதிரி இடங்களில் ஒரு மணி நேர பேட்ச் கிடைக்கும். அந்த நேரத்தை உங்கள் வேகத்துக்கு இப்படிப் பிரிக்கலாம்: 200 மெதுவாக, 4 முறை 50, ஒவ்வொன்றிலும் மூச்சை நீருக்குள் முழுதாக விடுவதில் மட்டும் கவனம், பிறகு 10 முறை 100, ஒவ்வொன்றும் 2:50, இடையே 20 விநாடி ஓய்வு, கடைசியில் 200 மெதுவாக. மொத்தம் 1600 மீட்டர், 53 நிமிடத்தில் முடியும். வாரத்தில் இன்னொரு நாள் இடைவிடாமல் நீந்துங்க. 25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்பது 76 நீளம். 14-ஆவது வாரத்துக்குள் அது வந்துவிட வேண்டும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனை: நன்றாக உடம்பு சூடானபின் 400 மீட்டர் முழு முயற்சி, பத்து நிமிட ஓய்வு, 200 மீட்டர் முழு முயற்சி. முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால், உங்களால் தாக்குப்பிடிக்க முடிந்த 100 மீட்டர் வேகம். 400-க்கு 10:00, 200-க்கு 4:48 என்றால் 2:36. போட்டியில் அதைவிட 8, 10 விநாடி மெதுவாகப் போகலாம்.

3 நிமிடத்தில் நிற்பவர்களுக்கு பெரும்பாலும் பலம் குறைவாக இருப்பதில்லை. மூச்செடுக்கத் தலையைத் தூக்குகிறார்கள், இடுப்பு இறங்குகிறது, கால் பின்னால் நங்கூரமாகத் தொங்குகிறது. ஒரு கண்ணாடி நீருக்குள்ளேயே இருக்கும்படி பக்கவாட்டில் திரும்பி மூச்செடுத்தால் கால் தானாக மேலே வரும். வெட்சூட் (நீச்சலுக்கான ரப்பர் உடை) போட்டால் மிதப்பு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பொதுவாக 24.5 டிகிரிக்கு மேல் போனால் போட்டிக்கணக்கில் வெட்சூட் கிடையாது, நம் கடல்கள் எல்லாம் அதற்கு மேலே.

கடலுக்கு இப்போதே போங்க. வடகிழக்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால் வங்கக்கடல் நவம்பர், டிசம்பரில் பயிற்சிக்கு ஆகாது. செப்டம்பருக்குள் ஆறேழு முறை காலை வேளையில் தரங்கம்பாடி, காரைக்கால், நாகை பக்கம் இறங்கணும். தனியாக வேண்டாம். உள்ளூர் மீனவர் ஒருவரிடம் பேசி ஃபைபர் படகைக் கூடவே வரச் சொல்லுங்க, டீசலும் கூலியும் கொடுத்தால் வருவார். இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டாயம். இறங்குமுன் அவரிடம் இன்றைக்கு நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேளுங்க. முதலில் அதை எதிர்த்துப் போய், களைத்தபின் அதோடு சேர்ந்து திரும்பணும். அலை உடையும் இடத்தைத் தாண்டியபின் கரைக்கு இணையாகவே நீந்துங்க. மூன்று கை வீச்சுச் சுற்றுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேல் வரும்படி தலையை உயர்த்தி, கலங்கரை விளக்கமோ கோபுரமோ உயரமான அடையாளம் ஒன்றைப் பார்க்கணும். மூச்சு அப்போது வேண்டாம், அடுத்த பக்கத் திருப்பத்தில். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல்நீரிலேயே கழுவுங்க.

மேல்காற்று:
சைக்கிள். மேடு இல்லை என்பது பாதி உண்மைதான். தஞ்சைக்கு மேற்கே வல்லம் பக்கம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் வீசும் மேல்காற்றை விட்டுவிட்டீர்களே! கிழக்கே போகும்போது 34-ல் பறந்து நம்மை நாமே மெச்சிக்கொள்வோம். திரும்பும்போது 21-க்கு மேல் போகாது. அந்தத் திரும்புகாலை மேடாக வைத்துக்கொள்ளுங்க. பெரிய கியரில் மிதி வேகம் நிமிடத்துக்கு 55 முதல் 65, உட்கார்ந்தபடியே, 8 நிமிடம் வீதம் 5 முறை, இடையே 4 நிமிடம் லேசாக. முட்டி வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடணும்.

காற்று தராத ஒன்று இறக்கம். பிரேக் அடித்து வளைவது, ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறைப்பது இரண்டும் சமதரைக்காரருக்கு வராது. மேட்டின் நடுவில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் சங்கிலி கழன்று சட்டத்தைக் கீறும். இரண்டு மூன்று வார இறுதி பச்சைமலைக்குப் போய்வந்தால் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு இதற்குத் தேவையில்லை.

நீண்ட தூரத்துக்கு நாகையிலிருந்து வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம் கிழக்குக் கடற்கரைச் சாலை நல்லது. போய்வந்தால் 90-ஐத் தொட்டுவிடும். அகஸ்தியன்பள்ளி உப்பளம் வரை போனால் ஒதுங்க ஒரு மரம் இருக்காது, போட்டியின் வெயிலுக்கு அதுவே ஒத்திகை. வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரில் துடைக்கணும். கடல் உப்பும் வியர்வை உப்பும் சேர்ந்து ஹேண்டில்பார் தண்டின் போல்ட்டையும் ஹெட்செட் பேரிங்கையும் வெளியே தெரியாமல் தின்றுவிடும்.

நம் சாலைகளுக்கென்று சில சங்கதி. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில், சரியாக உங்கள் நீண்ட ஓட்ட வாரங்களில். சாலையில் நெல் காயும், வைக்கோல் பரப்பியிருப்பார்கள். நெல்லின் மேல் பிரேக் அடித்தால் முன் சக்கரம் உடனே சறுக்கும். மிதிப்பதை நிறுத்தி, நேராக, பிரேக் தொடாமல் கடக்கணும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து இழுத்துவரும் களிமண், ஒரு தூறல் விழுந்தால் சோப்பு. தாள் வயலுக்கு மாறும் வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தால் இறங்கி நின்றுவிடுங்க, அவை வழிவிடுவதில்லை. கருவேல முள் டயருக்குள் உடைந்து நிற்கும். டியூப் மாற்றுமுன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர்.

டயர் 28 மி.மீ. போடுங்க. உங்கள் எடைக்கு முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐ போதும். 100 அடித்தால் வேகம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. நம் ரோட்டில் அது குதித்துக் குதித்து வேகத்தைக் குறைக்கும்.

வெண்ணாத்தங்கரை:
ஏரோ பார் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி) போட்டால் 90-ல் பத்து நிமிடமாவது மிச்சம். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

மேல்காற்று:
மிச்சமாகலாம், படுத்தபடி ஒரு மணி நேரம் கழுத்து தாங்கினால். 20 வாரத்தில் முதல் போட்டி. அந்தப் பணத்தில் சைக்கிள் ஃபிட்டிங் செய்துகொள்ளட்டும். அதற்கும் முன்னால் வீட்டிலேயே சீட் உயரம் பார்க்கலாம்: புத்தகத்தைக் கவட்டையில் அழுத்தி வைத்து, தரையிலிருந்து உள்கால் உயரம் அளந்து 0.883-ஆல் பெருக்குங்க. 80 செ.மீ. என்றால் 70.6, கிராங்க் சுழலும் அச்சின் (பாட்டம் பிராக்கெட்) நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை. அது தொடக்கப்புள்ளிதான், இடுப்பு ஆடினால் 3 மி.மீ. வீதம் இறக்குங்க. ஏரோ பார் உண்டோ இல்லையோ, முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டக் கூடாது. 12 மீட்டர் இடைவெளி விதி. முந்துவதானால் 25 விநாடிக்குள் முந்தணும். மீறினால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில். குழுவாக ஓட்டிப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

உப்புக்கல்:
மூன்றாவது கேள்வி என் பக்கம். ஜெல் கட்டாயமில்லை, கணக்கு கட்டாயம். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, வயிறு பழகினால் 75, 80. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மேல் உறிஞ்சாது. ஃப்ரக்டோஸ் சேர்ந்தால்தான் கூட ஏற்கும். நம் வீட்டு சர்க்கரையில் இரண்டும் பாதிப்பாதி இருப்பதால் அதுவே போதும். 750 மி.லி. பாட்டிலுக்குச் சர்க்கரை 60 கிராம், உப்பு கால் டீஸ்பூன், அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் உப்பு சுமார் 1.5 கிராம், அதில் சோடியம் 600 மி.கி. ஒரு பாட்டில் ஒரு மணி நேரத்துக்கு. கண்ணால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்க. குவித்து அள்ளிய ஸ்பூனுக்கும் தட்டியெடுத்ததுக்கும் ஒரு மடங்கு வித்தியாசம் வரும்.

எவ்வளவு வியர்க்கும் என்று தெரியாமல் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. ஓட்டத்துக்கு முன் ஆடையில்லாமல் எடை பாருங்க, ஒரு மணி நேரம் போட்டி வேகம், வியர்வையைத் துடைத்து மறுபடி எடை. 74.0 கிலோ 73.2 ஆகி, இடையில் 500 மி.லி. குடித்திருந்தால் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பக் குடித்தால் போதும். முழுவதையும் வெறும் தண்ணீரால் நிரப்பப் போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஆளைப் பார்த்தால் நீர் வற்றியவர் மாதிரியே தெரியும். இன்னும் தண்ணீர் கொடுத்து நிலைமையைக் கெடுப்பார்கள். பயிற்சி முடிந்தும் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள்.

இளநீர் போட்டி முடிந்தபின் குடியுங்கள். பொட்டாசியம் நிறைய, நமக்கு வெளியேறுவது சோடியம். ஓஆர்எஸ் பொட்டலம் நேர்மாறு: ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு ஆகும், பலத்துக்கு ஆகாது. கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், மெதுவாகச் செரிக்கும். சைக்கிளின் முதல் மணியில் ஒரு துண்டு சரி, ஓட்டத்தில் வேண்டாம். பூவன் பழம் நல்லது. சைக்கிளின் கடைசி 20 நிமிடம் திட உணவே வேண்டாம், அல்லது ஓட்டத்தில் வயிறு குலுங்கும்.

முந்தின நாள் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. கீரை, பயறு, அசைவக் குழம்பு அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும். காலையில் தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, சர்க்கரை தொட்டு. தேங்காய்ச் சட்னி வேண்டாம். இவை எல்லாவற்றையும் குறைந்தது நாலு நீண்ட பயிற்சியில் அப்படியே செய்து பார்த்திருக்கணும். பெண்கள் யாராவது இந்த இழையைப் படித்தால்: தொடங்குமுன் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) பார்த்துவிடுங்கள். முன்னது சரியாக இருந்து பின்னது குறைந்திருப்பது சகஜம், பயிற்சி ஏறவே ஏறாது.

அரசலாறு:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஓட்டத்தைப் பற்றி ஒன்று. இங்கே வெயிலுக்குப் பயந்து எல்லோரும் காலை 4:30-க்கே ஓடி முடித்துவிடுகிறார்கள். அப்படியே தொடரலாமா?

வெண்ணாத்தங்கரை:
தாராளமாக. டெல்டா வெயிலில் ஓடி மயங்கி விழுவதைவிட விடியலில் நல்ல வேகத்தில் ஓடுவது மேல்.

கதவணை:
மாற்றுக்கருத்து. முதல் 15 வாரம் அப்படியே இருக்கட்டும். ஆனால் 7 மணிக்கு நீச்சல் தொடங்கினால், மேலே போட்ட கணக்குப்படி இவர் ஓடத் தொடங்குவது 11:52-க்கு. விடியலில் மட்டுமே ஓடிய உடம்புக்கு அந்த வெயில் புதுசு. வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும்: இரத்தத்தில் நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்கும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். ஆகவே 16-ஆவது வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் காலை 10 மணிக்கு மேல் 40 நிமிடத்தில் தொடங்கி 60 வரை, மெதுவாக, இதயத் துடிப்பை மட்டும் பார்த்து. அதில் ஒன்று சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடுவதாக இருக்கட்டும். முதல் கிலோமீட்டர் கால் மரத்த மாதிரி இருக்கும், ஆனால் கைக்கடிகாரம் வேகத்தைக் கூடுதலாகக் காட்டும். மிதித்த கால் அந்தத் தாளத்திலேயே ஓடப் பார்க்கும். வேண்டுமென்றே கிலோமீட்டருக்கு 30 விநாடி மெதுவாகப் போகணும்.

துணைக்கு ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வெயிலில் ரோமம் சிலிர்த்தால், குளிர்ந்தால், பேச்சு குழறினால் அங்கேயே நிறுத்தி நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், விசிறி. வெண்ணாத்தங்கரை சார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் வெயில் பயிற்சி கிடையாது.

போட்டியில் 2:20 எதிர்பார்க்காதீர்கள். 2:40 நல்ல ஓட்டம். உதவி நிலையத்தில் மட்டும் 30 எட்டு நடந்து குடிங்க, தொப்பிக்குள் பனிக்கட்டி போடுங்க. ஆனால் காலில் தண்ணீர் வழியவிட்டால் சாக்ஸ் ஊறிக் கொப்புளம் வரும். குனிந்து கழுத்தில் ஊற்றணும்.

அரசலாறு:
சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

மேல்காற்று:
வேளாங்கண்ணியிலிருந்து வாஸ்கோடகாமாவுக்கு வாரம் ஒருமுறை ரயில் உண்டு. கால அட்டவணையைப் பார்த்து, போட்டிக்கு மூன்று நாள் முன்பாவது போய்ச் சேரும்படி எடுங்க. பெட்டியில் அடுக்குமுன் பின் டீரெய்லரை (சங்கிலியை கியர் மாற்றும் பாகம்), அதைச் சட்டத்தில் தாங்கும் கொக்கியோடு சேர்ந்த போல்ட்டிலிருந்து கழற்றிப் பழைய துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டணும். அதை வெளியே நீட்டிக்கொண்டு அனுப்பினால் கொக்கி வளையும். அங்கே போய் மாட்டினால் மிகச் சின்ன கியரில் டீரெய்லர் ஸ்போக்கில் உரசும், ஏற்றத்தில்தான் தெரியும். கொக்கி ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, கோவாவில் தேடிக் கிடைக்காது. ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்க. சீட் தண்டில் உயரத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக் குறித்துவிடுங்க. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் காலிப்பருக்குள் பிளாஸ்டிக் அட்டையோ மடித்த காகிதமோ செருகணும், தவறிப்போய் லீவரை அழுத்தினால் பேட் ஒட்டிக்கொள்ளும்.

விமானம் என்றால் டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 வாயுக் குப்பி வம்பு. மினி பம்ப், இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர் போதும். அங்கே சேர்ந்ததும் மாட்டி, முழுப் பலத்தில் மிதித்து எல்லா கியரும் போட்டு 10 கி.மீ. ஓட்டிப் பார்த்தபிறகே நிறுத்துமிடத்தில் ஒப்படையுங்க. போட்டியன்று காலையில் காற்று அடியுங்க. முந்தின நாள் மதியம் அடித்து வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கலாம். காலையில் ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் கவிழ்த்து, வாரை விரித்து வையுங்க. வார் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டால் நடுவர் நிறுத்துவார்.

தரங்கை:
ஒரு சின்னது. கண்ணாடி இரண்டு எடுத்துப் போங்க, ஒன்று கருப்பு, ஒன்று தெளிவானது. கண்ணாடியின் வார் நீச்சல் தொப்பிக்கு அடியில் போகட்டும், மேலே ஒரு தொப்பி. கூட்டத்தில் யார் கை பட்டாலும் கழன்று மூழ்காது. கடலில் முதல் 200 மீட்டர் ஓரத்தில், கடைசி வரிசையில் நின்று தொடங்குங்க. அலை முகத்தில் அடித்து மூச்சு முட்டினால் மல்லாந்து பத்து மூச்சு, பிறகு மறுபடி திரும்புங்க. அதற்கு விதியில் தடையில்லை. பாதுகாப்புப் படகைப் பிடித்து இளைப்பாறவும் விடுவார்கள், அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.